எண்ணிக்கை சரி, விடை தப்பு: தேடுபொறி சர்வர் மாற்றும் வழிகாட்டிகளைப் பற்றி

தேடுபொறி சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது பற்றி எழுதப்பட்ட வழிகாட்டிகளைக் கொஞ்ச நாளாக வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எலாஸ்டிக்சர்ச், சோலர், டிஸ்பேஸ் மூன்றுக்கும் நல்ல வழிகாட்டிகள் இருக்கின்றன. கவனமாக எழுதப்பட்டவை. ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குறை கண்ணில் படுகிறது. இன்டெக்ஸ் ஃபைலை எப்படிக் காப்பாற்றுவது என்று சொல்லும் அளவுக்கு, அந்த இன்டெக்ஸ் கொடுத்துக்கொண்டிருந்த விடைகளை எப்படிக் காப்பாற்றுவது என்று அவை சொல்வதில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். தமிழ் உரைகளை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றல்ல.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஊர்ப்பெயரை வைத்துக்கொள்கிறேன். விழுப்புரத்துக்குப் பக்கத்தில், பம்பை ஆற்றங்கரையில் இருக்கும் திருவாமாத்தூர். நடுநாட்டுப் பாடல் பெற்ற தலம். சம்பந்தர் இரண்டு, அப்பர் இரண்டு, சுந்தரர் ஒன்று என்று ஐந்து பதிகங்கள் இருக்கின்றன. அபிராமேசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் பல. என் குறிப்புகளுக்காகப் பதிகங்கள், கல்வெட்டுப் பாடங்கள், பிற்காலக் கட்டுரைகள் என்று இந்த ஊர் சம்பந்தப்பட்டதை எல்லாம் ஒரே இடத்தில் தேடும்படி வைத்திருக்கிறேன். சின்னச் சேகரிப்புதான். ஆனால் இந்த ஒரு பெயரே ஒரு தேடுபொறியைப் பரிசோதிக்கப் போதும்.

ஏன்னா, இந்தப் பெயர் ஒரே மாதிரி எழுதப்படுவதில்லை. பழைய உரைகளில் ஆமாத்தூர். ‘திரு’ சேர்ந்தால் திருவாமாத்தூர். சிலர் பிரித்து திரு ஆமாத்தூர் என்பார்கள். வேற்றுமை உருபு சேர்ந்தால் ஆமாத்தூரில், ஆமாத்தூரை. வலி மிகுந்தால் ஆமாத்தூர்க் கோயில். அங்கே சொல்லின் கடைசியில் ஒரு ‘க்’ ஒட்டிக்கொள்ளும். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஊர். இயந்திரத்துக்கு ஒவ்வொன்றும் தனித்தனிச் சொல்.

இங்கே இன்டெக்ஸ் என்றால் என்ன என்று ஒரு வரி சொல்லிவிட வேண்டும். புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு மாதிரிதான். எந்தச் சொல் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்ற பட்டியல். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பது நாம் எழுதிய சொல் அல்ல. ஒரு விதியின்படி வெட்டி, சீராக்கி எடுத்த துண்டு. அந்த விதியை அனலைசர் என்பார்கள். ஆவணத்தை உள்ளே போடும்போதும் அதே விதி; நாம் தேடும் சொல்லை வாங்கும்போதும் அதே விதி. இரண்டு பக்கமும் விதி ஒன்றாக இருக்கும்வரை, விதி கொஞ்சம் கோணலாக இருந்தால்கூடத் தேடல் ஓரளவு நடக்கும். ஒரு பக்கம் மட்டும் விதி மாறினால் போச்சு.

முதலில் வழிகாட்டிகள் நன்றாகச் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். எலாஸ்டிக்சர்ச், சோலர் இரண்டுக்கும் அடியில் ஓடுவது லூசீன் என்ற ஒரே நூலகம். லூசீனின் ஒரு பெரும்பதிப்பு, தனக்கு நேர் முந்தைய பெரும்பதிப்பில் உருவான இன்டெக்ஸைப் படிக்கும். அதற்கும் முந்தையதைப் படிக்காது. முன்பெல்லாம் ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே வரலாம் என்று இருந்தது. 7-ஆம் பதிப்பு முதல், இன்டெக்ஸ் எந்தப் பதிப்பில் பிறந்தது என்பதே அதற்குள் எழுதப்படுகிறது. அதனால் 6-இல் பிறந்த இன்டெக்ஸை 7 வழியாக ஏற்றிவந்தாலும் 8 திறக்காது. எலாஸ்டிக்சர்ச் கணக்கில் சொன்னால், 5-இல் உருவானது 7-இல் திறக்காது. இதை வழிகாட்டிகள் தெளிவாகவே சொல்கின்றன. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் டேட்டா ஃபோல்டரை அப்படியே நகல் எடுப்பது பேக்கப் ஆகாது, முறைப்படி ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும். புதிய பதிப்பு ஒருமுறை கைவைத்துவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப அந்த ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் வழி என்றும் எச்சரிக்கின்றன. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் குறை அடுத்த படியில். மாற்றி முடித்ததும் எதைப் பார்க்கச் சொல்கிறார்கள்? நிலை பச்சையாக இருக்கிறதா, ஆவணங்களின் எண்ணிக்கை முன்பு இருந்ததுதானா, பிழைப் பதிவில் ஏதாவது இருக்கிறதா. மூன்றும் சரி என்றால் வேலை முடிஞ்சாச்சு என்று எடுத்துக்கொள்கிறோம். மூன்றும் சரியாக இருந்து தேடல் மட்டும் செத்துப்போயிருக்கலாம்.

கற்பனையாகச் சொல்லவில்லை. லூசீன் 3.1 பதிப்பு 2011-இல் வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில், வழக்கமாகப் பலரும் பயன்படுத்திய ஸ்டாண்டர்ட் டோக்கனைசர், ‘எழுத்து’ என்று யூனிகோட் வகைப்படுத்தியதை மட்டும் சொல்லின் பகுதியாகக் கொண்டது. தமிழின் துணைக்கால், கொக்கிகள், புள்ளி ஆகியவை யூனிகோடில் எழுத்து அல்ல, குறிகள். அதனால் அவை வந்த இடத்தில் எல்லாம் சொல் வெட்டுப்பட்டது. ‘ஆமாத்தூர்’ என்ற சொல் இன்டெக்ஸுக்குள் எப்படிப் போகும்? ‘ஆம’, ‘த’, ‘த’, ‘ர’. நான்கு துண்டு. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் தேடும் சொல்லும் இதே மாதிரி நான்கு துண்டாகி, அதே வரிசையில் தேடப்பட்டதால் விடை வந்துகொண்டிருந்தது. உள்ளே நடப்பது யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமே இல்லாமல் இருந்தது.

3.1-இல் யூனிகோடின் சொற்பிரிப்பு விதியை ஏற்றுக்கொண்டார்கள். ‘ஆமாத்தூர்’ முழுச் சொல்லாக நின்றது. தமிழுக்கு உண்மையிலேயே நல்ல காலம். இப்போது பழைய இன்டெக்ஸைப் பத்திரமாகப் புதிய பதிப்புக்கு எடுத்துப்போய், புதிய விதியோடு ஓட்டுகிறோம் என்று வையுங்கள். இன்டெக்ஸ் திறக்கும். ஆவண எண்ணிக்கை இம்மியும் குறையாது. தேடும் பக்கம் ‘ஆமாத்தூர்’ என்று முழுசாகக் கேட்கும்; இன்டெக்ஸில் இருப்பதோ ‘ஆம’, ‘த’, ‘த’, ‘ர’. விடை: பூஜ்யம்.

லூசீன் ஆட்கள் இதை அறியாதவர்கள் அல்ல. அந்தக் காலத்தில் அனலைசரை உருவாக்கும்போதே ‘எந்தப் பதிப்பு மாதிரி நடந்துகொள்ள வேண்டும்’ என்று சொல்ல வைத்தார்கள். சோலரில் லூசீன்மேட்ச்வெர்ஷன் என்ற அமைப்பு அதற்குத்தான். பழைய எண்ணையே விட்டுவைத்தால் பழைய மாதிரியே வெட்டும். ஆனால் புதிய பதிப்போடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பை எடுத்துப்போட்டு, டேட்டாவை மட்டும் பழையதிலிருந்து கொண்டுவருவது சர்வர் மாற்றுபவர்களிடம் சகஜம். ‘டேட்டாவைக் காப்பாற்றிவிட்டேன்’ என்று அவர் சொல்வது பொய் அல்ல. டேட்டாவுக்குப் பொருள் கொடுத்த விதியைத்தான் கைவிட்டுவிட்டார்.

இன்னும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன். ஒன்று, ‘கோயில்’ என்ற சொல். ‘ோ’ என்ற குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் குறி, துணைக்கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. இரண்டையும் ஒன்றாக்குவது அனலைசரில் நாம் சேர்க்கும் ஒரு வடிகட்டி. புது சர்வரில் அந்தப் பிளகினைப் போட மறந்துவிட்டு, அது இல்லாமலே புதிதாக இன்டெக்ஸ் கட்டினால், பாதிக் கோயில்கள் காணாமல் போகும். மற்றொன்று, ஒத்தசொல் பட்டியல். ஆமாத்தூர்க் கோயிலில் திருப்பதியம் பாட 16 பார்வையற்றவர்களையும், அவர்களுக்கு வழிகாட்ட 2 பேரையும் வைத்ததைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று உண்டு. இன்றைய ஆய்வாளர் ‘பார்வையற்றோர்’ என்றுதான் தேடுவார். சோழர் காலக் கல்வெட்டில் அந்தச் சொல் இருக்காது. இரண்டையும் சேர்த்துவைப்பது யாரோ உட்கார்ந்து எழுதிய ஒத்தசொல் கோப்பு. எலாஸ்டிக்சர்ச்சில் அதைச் சர்வரின் அமைப்பு ஃபோல்டரில் கோப்பாக வைத்திருந்தால், ஸ்னாப்ஷாட்டில் அது சேராது. பல வருட உழைப்பு, பழைய சர்வரின் ஹார்டு டிஸ்க்கோடு போய்விடும்.

அப்படியானால் இன்டெக்ஸைக் காப்பாற்றுவதையே விட்டுவிட்டு, மூல ஆவணங்களிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டிவிட வேண்டியதுதானே? சோலர் வழிகாட்டி கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. நானும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறேன். லூசீன் 9 வரிசையில் தமிழுக்கென்றே ஓர் அனலைசர் இருக்கிறது. ‘ஆமாத்தூரில்’ போன்ற வடிவங்களின் விகுதியை நீக்கப் பார்க்கும். பழைய இன்டெக்ஸைக் கட்டி இழுத்துக்கொண்டே போனால் அதன் பயன் நமக்குக் கிடைக்காது.

ஆனால் ‘இன்டெக்ஸ் எப்போதும் திரும்பக் கட்டிக்கொள்ளக்கூடியது’ என்ற நம்பிக்கையும் முழு உண்மை அல்ல. இதற்கு நல்ல பாடம் டிஸ்பேஸ். நம் நாட்டு முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தொகுக்கும் சோத்கங்கா உட்பட, பல்கலைக்கழகச் சேகரிப்புகள் பலவும் ஓடுவது இந்த மென்பொருளில்தான். இதற்குள் சோலரில் பல தனித்தனி இன்டெக்ஸ்கள் இருக்கின்றன. தேடலுக்கானதை அழித்தாலும் டேட்டாபேஸிலிருந்து ஒரு கட்டளையில் திரும்பக் கட்டிவிடலாம். ஆனால் எந்த ஆய்வேடு எத்தனை முறை பார்க்கப்பட்டது, இறக்கப்பட்டது என்ற புள்ளிவிவரம் சோலரில் மட்டும்தான் இருக்கிறது. டேட்டாபேஸில் அதற்கு மூலம் இல்லை. 2021-இல் வந்த டிஸ்பேஸ் 7, கூடவே வந்துகொண்டிருந்த சோலரைத் தனியாக நிறுவச் சொன்னது. அப்போது புள்ளிவிவரத்தை ஏற்றுமதி செய்து, புது சோலரில் இறக்குமதி செய்யும் கட்டளைகளை வழிகாட்டி தனியாகவே கொடுத்தது. மூன்று வழிகாட்டிகளில் இந்த ஓர் இடம்தான் எனக்கு உண்மையாகப் பிடித்தது. எது நகல், எது மூலம் என்று பிரித்துச் சொல்லும் இடம் இது.

இந்தப் பிரிவினைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஆமாத்தூர்க் கலம்பகம் பாடிய இரட்டைப்புலவர்களைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. கோயில் ஆற்றின் எந்தக் கரையில் இருக்கிறது என்பதில் பாட்டு தப்பிவிட்டதாம். கேட்டவர்கள் ஒப்பவில்லை. அன்றிரவு வெள்ளம் வந்து, பம்பை ஆறே தடம் மாறி ஓடி, பாட்டை மெய்யாக்கியதாம். புலவர்களுக்காக ஆறு திரும்பும். இன்டெக்ஸ் தப்பு என்றால் மூல ஆவணம் அதற்காகத் திரும்பாது. இன்டெக்ஸ்தான் திரும்ப வேண்டும். அதனால் மூலம் கையில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. எலாஸ்டிக்சர்ச் வழக்கமாக மூல ஆவணத்தையும் கூடவே வைத்துக்கொள்ளும். இடம் மிச்சம் என்று அதை நிறுத்திவைத்திருந்தால், இருக்கும் இன்டெக்ஸிலிருந்து மறுபடி கட்ட முடியாது. சோலரில் எந்தப் புலத்தைச் சேமிப்பது என்பது நம் முடிவு. ஸ்கேன் செய்த புத்தகத்திலிருந்து எடுத்த உரையைத் தனியாக வைக்காமல் நேரே இன்டெக்ஸுக்குள் கொட்டியவர்களுக்கு, இன்டெக்ஸ் போனால் அந்த உரையும் போச்சு.

பழைய அச்சுலகம் இதில் நம்மைவிடப் பொறுப்பாக இருந்திருக்கிறது. ஆமாத்தூர்க் கல்வெட்டுகள் முதலில் கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் ஓர் எண்ணோடு பதிவாயின. பிறகு தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் பாடம் அச்சானபோது புதிய எண் வந்தது. ஆனால் புதிய எண்ணுக்குப் பக்கத்திலேயே பழைய ஆண்டறிக்கை எண்ணையும் ஆண்டையும் அச்சிட்டார்கள். அதனால் பழைய எண்ணைச் சுட்டும் கட்டுரையிலிருந்து இன்றும் சரியான பாடத்துக்குப் போய்ச் சேரலாம். நம் சர்வர் மாற்றத்தில் இதற்கு நேரானது, ஆவண அடையாள எண்களை மாற்றாமல் வைப்பது, மாற்றினால் பழையதையும் ஒரு புலமாகச் சேர்ப்பது. பெரிய செலவு இல்லை.

வழிகாட்டிகளில் சேர வேண்டும் என்று நான் கேட்பது ஒன்றே ஒன்று: கேள்விப் பட்டியல். மாற்றுவதற்கு முன்பு, பழைய சர்வரிடம் ஒரு நாற்பது ஐம்பது கேள்விகள் கேட்டு, எத்தனை விடை, முதல் பத்தில் எவை என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆமாத்தூர், திருவாமாத்தூர், ஆமாத்தூரில், இரண்டு விதமாகத் தட்டிய கோயில், பார்வையற்றோர் என்று உங்கள் சேகரிப்பில் தடுக்கக்கூடிய சொற்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். புது சர்வரைப் பழையதன் பக்கத்திலேயே கட்டி, அதே கேள்விகளைக் கேளுங்கள். விடைகள் அச்சு அசலாக ஒத்துப்போகாது. லூசீன் 6-இல் வரிசைப்படுத்தும் சூத்திரமே மாறியது, அதைத் தாண்டி வருபவர்களுக்கு வரிசை மாறத்தான் செய்யும். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடிந்தால் பெயரை மட்டும் புதிய இன்டெக்ஸுக்குத் திருப்பிவிடுங்கள். எலாஸ்டிக்சர்ச்சில் ஏலியஸ் என்பது ஒரே நொடியில் மாறும். பழையதைக் கொஞ்ச காலம் அணைக்காமல், எழுத முடியாதபடி பூட்டி வைத்திருங்கள்.

ஒரே சர்வரும் ஒரே ஆளும் உள்ள சிறு நூலகத்துக்கு இதெல்லாம் நடக்குமா என்று கேட்கலாம். இரண்டு சர்வர் வைக்க முடியாமல் போகலாம். கேள்விப் பட்டியல் ஒரு தாளில் அடங்கும். அதுவும் அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. பெரிய வணிகத் தளத்தில் தேடல் கெட்டால் அன்றைக்கே விற்பனை குறைந்து தெரிந்துவிடும். ஒரு கல்வெட்டுச் சேகரிப்பில் ‘ஆமாத்தூர்’ என்று தேடிய மாணவிக்கு ஒன்றும் வரவில்லை என்றால், அவர் புகார் எழுதமாட்டார். இந்த ஊருக்குக் கல்வெட்டே இல்லைபோல என்று நினைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஆவணம் டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கும்.