லோடிங் காயில்: சுருட்டி வைத்த கம்பியா?

குட்டை ஆன்டெனாவுக்கு லோடிங் காயில் எதுக்குன்னு கேட்டால், ஹாம் நண்பர்கள் பலரும் சொல்லும் பதில் இது: "குறையுற கம்பியைச் சுருட்டி வெச்சிருக்கோம், அவ்வளவுதான்." சொல்ல எளிது, கணக்கில் நிற்காது.

7.1 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 10.5 மீட்டர். காரில் வைக்கும் ஆன்டெனா 2.5 மீட்டர் என்றால், குறைவது 8 மீட்டர். அடியில் தேவைப்படும் காயில் சுமார் 20 மைக்ரோஹென்றி. அதை 5 செ.மீ. விட்டத்தில், 10 செ.மீ. நீளத்துக்குச் சுற்றினால் 31 சுற்று. கம்பி 5 மீட்டர்தான். மிச்சம் 3 மீட்டர் எங்கே போச்சு? காயில் நீளத்தை நிரப்பவில்லை. குட்டைக் கம்பி கெப்பாசிட்டர் போல நடந்துகொள்வதைச் சமன் செய்கிறது.

அதிர்வெண்ணைப் பாதியாக்கி 3.55-க்கு வந்தால், காயில் நான்கு மடங்கு வேணும்: 80 மைக்ரோஹென்றி. காயிலின் க்யூ 200 என்று வைத்துக்கொள்வோம். 7.1-ல் ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ் 1.4 ஓம், காயில் இழப்பு 4.5 ஓம். 3.55-ல் 0.35 ஓமுக்கு எதிரே 9 ஓம். 50 வாட் கொடுத்தால் 2 வாட்கூட வெளியே போகாது. தரை இழப்பை இன்னும் சேர்க்கவில்லை. மேட்ச் பண்ணி எஸ்.டபிள்யூ.ஆர். 1:1 காட்டினால் போதும்னு நினைக்கிறவங்க கண்ணுக்கு இது படாது.

எதிர்த்தரப்பும் முழுசா சரியில்லை. காயில் வெறும் இண்டக்டர், இரு முனையிலும் ஒரே மின்னோட்டம் என்பது அவங்க வாதம். விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 18.2 கிலோஹெர்ட்ஸில் இயங்குகிறது. அலைநீளம் 16 கி.மீ.க்கு மேல், 471 மீட்டர் கோபுரமே கால் அலைநீளத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய அலைக்கு முன்னால் காயில் ஒரு புள்ளி. வாதம் கிட்டத்தட்ட பொருந்தும். ஆனால் நம்ம 20 மைக்ரோஹென்றி காயிலுக்குச் சுற்றுகளுக்கிடையே இரண்டு மூன்று பிக்கோஃபாரட் இருக்கு. 20 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் அது தானே அதிரும். 28-க்குப் போனால் காயிலாகவே நடந்துகொள்ளாது.

எங்க வேப்பூருக்குப் பக்கத்திலுள்ள விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போனது. காயில் சுற்றப் பீங்கான் உருளை நல்லதுதான், சூடு தாங்கும். ஆனால் காற்று மையத்தைவிட அந்த இரண்டு மூன்று பிக்கோஃபாரட்டைக் கூட்டிவிடும்; சுய அதிர்வு இன்னும் கீழே இறங்கும்.

அதனால் யாராவது காயில் யோசனை சொன்னால் மூணு கேள்வி கேளுங்க: எந்த அதிர்வெண், எத்தனை மைக்ரோஹென்றி, க்யூ எவ்வளவு? பதில் வந்த பிறகு கம்பி வாங்கலாம்.