கல்குதிரையும் அட்டையும்

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலில் ஒரு மரக்குதிரை வாகனம் உண்டு. கல்குதிரை என்பார்கள். துண்டு துண்டாகச் செய்து பூட்டியது. தூக்கி வரும்போது நெஜக் குதிரை மாதிரியே அசையும். இதேபோல இன்னொண்ணு செஞ்சு குடு என்று கேட்டார்களாம். செய்தவன் மறுத்து உயிரையே விட்டானாம். ஒன்றைப்போல் இன்னொன்று கூடாது என்பதற்கு ஊர் சொல்லும் கதை இது.

கலை பேசுகிறவர்கள் இந்தக் கதையில் உருகிப்போவார்கள். எனக்கோ வேறு கேள்வி. குதிரை மிஞ்சியது சரி, செய்தவன் ஏன் சாகணும்?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு காஞ்சிப் பட்டு விற்கும் வலைத்தளங்கள் நாலைந்தைத் திறந்து பாருங்கள். நான் பார்த்தவை எல்லாம் ஒரே வார்ப்பு. உச்சியில் கோபுரம் அல்லது நகை பூட்டிய பெண். கீழே மூன்று கட்டம். அதற்கும் கீழே 'எங்களைப் பற்றி': கடைக்காரரின் தாத்தா, பாரம்பரியம், தெய்வீகம். நெய்தவர் எங்கே? ஒரு படத்தில் கை மட்டும் தெரியும். முகம் கிடையாது, பேர் கிடையாது.

ஒருநாள் அத்தைக்குக் காட்டினேன். கோர்வை போட்டே வயசான கை அது. "இன்னாடா இது, எல்லாம் ஒரே மாதிரி கீது? நெஞ்சது யாரு, கோர்வ போட்டது யாருன்னு எங்க எழுதிக்கீது?" என்றார். வடிவமைப்பு பற்றி இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

டெம்ப்ளேட் என்பது நமக்கு அந்நியச் சரக்கல்ல. பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804இல் தறிக்குத் துளையிட்ட அட்டையைப் பூட்டினார். எந்தப் பாவு இழை தூக்கணும், எது கிடக்கணும் என்று அட்டை சொல்லும். அதே அட்டையைத்தான் பிறகு பாபேஜ் தன் கணக்கு எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். கணினிக்குத் தறி பாட்டி முறை. காஞ்சிபுரத்திலும் நூலால் அடை கட்டிப் பூ எடுத்த முறையை அட்டை பின்னுக்குத் தள்ளியது. இப்போது கணினியில் வரைந்து அட்டை குத்துகிறார்கள். ஒரு அட்டைக் கட்டு இருந்தால் ஆயிரம் சேலையிலும் ஒரே அன்னம்.

வலைப்பக்கத்தின் கதையும் இதுதான். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீசில் சாமானியர்கள் தாங்களே பக்கம் கட்டினார்கள். மின்னும் எழுத்து, கண்ணைப் பறிக்கும் நிறம். அசிங்கம் என்று சிரித்தார்கள். 2009இல் அதை மூடிவிட்டார்கள். நம் சேரிச் சுவர்களின் நீலத்தையும் பட்டை எழுத்தையும் பார்த்து முகம் சுளித்ததும் இதே ரசனைதான். 2003இல் வந்த வேர்ட்பிரஸ் இன்று உலக வலைத்தளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் தாங்கி நிற்கிறது. ஆயத்த வார்ப்புகள் பெருகிவிட்டன. 'சுத்தமான' பக்கம் என்றால் வெள்ளை வெளி, மூன்று கட்டம் என்று ஆகிப்போனது.

அப்படியானால் கைவேலைக்குத் திரும்புவோம் என்கிறார்கள் அழகியல்வாதிகள். அவசரப்படாதீர்கள். கைவேலையின் சிகரம் என்று கொண்டாடும் கோர்வையை எடுத்துக்கொள்வோம். உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடா ஓடணும். ஒரு பக்கக் கரை நாடாவைப் போட இன்னொரு ஆள் வேணும். முன்பணம் வாங்கிய வீட்டின் பிள்ளைகள் பல காலம் அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். பட்டுத் தொழிலின் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது, தலித் பிள்ளைகளும் இருக்கிறார்கள். தனித்தன்மை என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தப் பலகையில் ஆடும் சின்னக் கால்கள்தான் ஞாபகம் வரும்.

ஆகவே வார்ப்பே எதிரி என்று நான் சொல்ல வரவில்லை. காசில்லாதவனும் ஒரு பக்கம் திறக்க முடிந்தது வார்ப்பால்தான். 2005இல் தொடங்கிய ஈழத்தமிழரின் நூலகம் தளம் விக்கிப்பீடியா ஓடும் அதே மென்பொருளில்தான் ஓடுகிறது. வார்ப்பு இரவல். உள்ளே இருப்பது எரிந்தும் சிதறியும் போன ஒரு சமூகத்தின் ஏடுகள். அதை யார் குறை சொல்ல முடியும்?

கேள்வி, அட்டையைக் குத்துகிறவர் யார் என்பது. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த வார்ப்பில் நம் சொல் பொத்தானுக்குள் அடங்காது. வரி இடைவெளி நெருங்கினால் மேல் சுழியும் கீழ் வாலும் மோதிக்கொள்ளும். எழுத்துக்கே இடம் தராத கட்டம் ஆளுக்கு எப்படித் தரும்? 'நிறுவனர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, 'கூலி' என்று ஒரு கட்டம் இல்லை. இது தற்செயலா?

மாற்று நடக்காத காரியமல்ல. 2014இல் சாய்நாத் தொடங்கிய பாரி தளத்தில் உழைப்பவரின் முகம் பெரிதாக இருக்கும், பேர் இருக்கும், ஊர் இருக்கும், அவர் பேச்சும் இருக்கும். தமிழிலும் படிக்கலாம். பட்டுக்கும் அப்படி ஒரு பக்கம் கட்டலாம். சேலையைப்போல முந்தானையிலிருந்து பக்கவாட்டில் விரியட்டும். கரையைத் தொட்டால் கோர்வை போட்டவரின் குரல் கேட்கட்டும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் பேசிச் சேர்க்கலாம். எத்தனை நாள் தறியில் கிடந்தது, கூலி எவ்வளவு, விலை எவ்வளவு என்று மூன்றும் ஒரே வரியில் நிற்கட்டும். எழுத்து நம் சுவர் எழுத்தாக இருக்கட்டும். பேர் போட்டால் முதலாளி வேலை தரமாட்டான் என்கிற பயம் உண்மையானது. அதனால் பேர் போடுவதா வேண்டாமா என்பதை நெய்தவரே முடிவு செய்யட்டும்.

குதிரை செய்தவனைக் கௌரவிக்கப் பெருமாள் அவன் தெருவுக்கே போகிறார் என்றும் ஊரில் சொல்வதுண்டு. போகட்டும். செத்த பிறகு வரும் மரியாதை அது. அத்தை உயிரோடு இருக்கிறார். அவர் கேட்ட கேள்விக்கு ஒரு கட்டம் வேண்டும். நம் பிள்ளைகளில் பலர் இன்று இந்த வார்ப்புகளை எழுதும் வேலையில் இருக்கிறார்கள். முதல் அட்டையை அங்கிருந்து குத்தத் தொடங்கட்டும்.