திருப்பி அனுப்பப்பட்ட இசைத்தட்டு

பிரசுரகர்த்தர் திருப்பி அனுப்பினார் என்ற காரணத்தினாலேயே ஒரு நாவல் உயர்ந்த நாவலாகிவிடாது. திரும்பி வருகிற கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பாலானவை திரும்பி வரவேண்டியவைதாம். ஆனால் நிராகரிப்பைப் போல ருசியான கதை வேறில்லை. அந்தக் கதை ஒரு படைப்பைச் சுற்றிப் படர்ந்துவிட்டால், பிறகு படைப்பை யாரும் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில், சிகாகோ நகரைச் சேர்ந்த வில்கோ என்ற இண்டி ராக் குழுவின் 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்' இசைத்தட்டுக்கு நேர்ந்தது இதுதான். 2001-இல் ரிப்ரைஸ் கம்பெனி அதை வெளியிட மறுத்துவிட்டது. குழுவினர் ஒலிப்பதிவுகளோடு வெளியேறி, அந்த ஆண்டு செப்டம்பரில் தங்கள் இணையதளத்திலேயே இலவசமாகக் கேட்கக் கொடுத்தார்கள். 2002 ஏப்ரலில் நான்ஸச் கம்பெனி அதை வெளியிட்டது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு கம்பெனிகளும் வார்னர் நிறுவனத்தைச் சேர்ந்தவை. வாசல் வழியாகத் தள்ளியதைக் கொல்லைப்புறமாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்!

விமரிசகர்கள் கொண்டாடினார்கள். பிட்ச்ஃபோர்க் பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டது. வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை விமரிசகர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில் 2002-இன் முதலிடம் இதற்கே கிடைத்தது. உறையில் சிகாகோவின் மரினா சிட்டி இரட்டைக் கோபுரங்கள். ஒரு பாட்டின் தலைப்பிலே அமெரிக்கக் கொடிகளின் சாம்பல். 2001 செப்டம்பர் 11-க்கு முன்பே முடிந்துவிட்ட பாட்டுக்களில் சிலர் தீர்க்கதரிசனம் கூடக் கண்டார்கள். தற்செயலைப் போற்றுவது விமரிசனம் ஆகாது.

சரி, இசைத்தட்டில் என்னதான் இருக்கிறது? ஜெஃப் ட்வீடியின் பாட்டுக்கள் அடிப்படையில் எளிமையானவை. ஒரு கிட்டாரோடு திண்ணையில் உட்கார்ந்து பாடிவிடலாம். அவற்றின்மேல் இரைச்சல் கவிந்திருக்கிறது. பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. அது ஆங்கில எழுத்துக்களைத் தெளிவாகச் சொல்ல ரேடியோக்காரர்கள் வழங்கும் மூன்று சொற்களின் கோவை. சங்கேதச் செய்தி அனுப்பும் ரேடியோ நிலையம் ஒன்றில் பதிவான பெண் குரல், 'புவர் ப்ளேஸஸ்' பாட்டின் முடிவில் அந்தச் சொற்களையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. இரைச்சல் ஏறிக்கொண்டே போகிறது. யாருக்காக அந்தச் செய்தி? தெரியாது. மனிதன் மனிதனிடம் பேச முயன்று, பேச்சு போய்ச் சேராமல் நிற்கும் அவஸ்தை அது. இரைச்சல் அங்கே அலங்காரமல்ல, அதுவே விஷயம்.

2022-இல் பாட்டுக்களின் முந்தைய வடிவங்களையும் சேர்த்து ஒரு விரிவான பதிப்பு வந்தது. ஒரே பாட்டை எத்தனை விதமாகப் பண்ணிப் பார்த்திருக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது. இறுதி வடிவம் குருட்டுச் சோதனையில் வந்ததல்ல, தேர்ந்தெடுத்தது.

எல்லா இடத்திலும் இந்தத் தேர்வு பலித்துவிடவில்லை. 'ஐயாம் த மேன் ஹூ லவ்ஸ் யூ' என்பது குதூகலமான காதல் பாட்டு. அதன் தொடக்கத்தில் கிட்டார் போடும் கூச்சல் பாட்டோடு ஒட்டவில்லை. ஆகவே பத்துக்குப் பத்து என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'ஜீஸஸ், எட்ஸெட்ரா' பாட்டில் வயலின் வருகிற இடத்தைக் கேட்டவன் இதைச் சாதாரண இசைத்தட்டு என்றும் சொல்லமாட்டான்.

நிராகரித்த கம்பெனி விற்பனையைக் கேட்டது; கொண்டாடியவர்களில் பலர் கதையைக் கேட்டார்கள். பாட்டைக் கேட்கிற வேலை ரஸிகனுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.