இரண்டு கொக்கிகள்

வியா ஃபெராட்டா என்றால் இத்தாலிய மொழியில் இரும்புப் பாதை. பாறையில் முளையடித்துக் கட்டிய கம்பிவடம், கால் வைக்க இரும்புப் படிகள், அவ்வளவுதான். முதல் உலகப் போரில் டோலமைட் மலைகளில் படைகள் இப்படித் தடம் போட்டன. இன்று சுவிட்சர்லாந்தின் சாஸ்-ஃபே ஊரை ஒட்டிய ஆற்றிடுக்கில் நண்பர் கூட்டங்கள் அதே முறையில் நகர்கின்றன. இரும்பைப் பிடித்துப் போவதெல்லாம் மலையேற்றமா என்று கேட்பவர்கள் உண்டு. கைவலிமை மட்டுமே கலை என்றால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் இதன் நேர்த்தி கொக்கி மாற்றுவதில் இருக்கிறது. இடுப்புவாரிலிருந்து இரண்டு நாடாக்கள், நுனியில் காரபினர் எனும் இரண்டு கொக்கிகள். முளை வந்ததும் ஒன்றைக் கழற்றி அப்பால் மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடவேண்டும்.

மழைதான் இந்த ஒழுங்கைச் சோதிக்கிறது. கையுறை ஊறி விரல் மரத்துவிடும்; படியில் கால் வழுக்கும்; ஆற்றின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. விழுபவர் கீழ்முளை வரை சறுக்குவார் என்பதால் இரண்டு முளைகளுக்கு நடுவே ஒருவர்தான். மற்றவர்கள் நனைந்தபடி காத்திருப்பார்கள் (நட்புக்கு இது நல்ல பரீட்சை). விழுந்தால் நாடாவின் தையல் பிரிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனாலும் வழியில் பாறையிலோ படியிலோ மோதினால் எலும்பு முறியும். அப்படியானால் மழையில் ஏன் போகவேண்டும்? அந்தச் சோதனைக்காகத்தான். ஆனால் இடி மழையில் போகவே கூடாது: கம்பிவடம் மின்னலைக் கடத்தும், இடுக்கில் வெள்ளம் சட்டென்று ஏறும். நான் பரிந்து பேசுவது தூறலுக்கு மட்டுமே.