ஹோல்டிங் த மான்: முப்பது வருடங்களின் பின் ஒரு வாசிப்பு

ரிமோதி கொனிகிறேவ் எழுதிய 'ஹோல்டிங் த மான்' 1995 இல் பெங்குவின் வெளியீடாக வந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்க்க அவர் இருக்கவில்லை. 1994 ஒக்ரோபரில் சிட்னியில் எயிட்ஸ் நோயால் இறந்துவிட்டார். அவருடைய காதலர் ஜோன் கலியோ 1992 ஜனவரி 26 இலேயே போய்விட்டார். மெல்பேர்ண் சேவியர் கல்லூரியில் தொடங்கிப் பதினைந்து வருடம் நீடித்த உறவின் கதை இது. தலைப்பு அவுஸ்திரேலிய உதைபந்தாட்டத்தில் வரும் ஒரு சொல்: பந்து கையில் இல்லாதவனைப் பிடித்து வைத்திருக்கும் தவறு.

இது வெள்ளைக்காரர் சங்கதி, எமக்கென்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு தகவல்கள். கொழும்புத் தமிழ்ச் சிறுவன் ஒருவனின் ஒருபால் நாட்டத்தைச் சொல்லும் ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' 1994 இல் கனடாவிலிருந்து வந்தது. அடுத்த வருடம் இலங்கை அரசு தண்டனைச் சட்டத்தின் 365அ பிரிவைத் திருத்தியது. நீக்குவதற்கல்ல, பெண்களையும் அதற்குள் அடக்குவதற்கு.

கொனிகிறேவின் பலம் தன்னை நல்லவனாகக் காட்டாததுதான். தான் செய்த துரோகங்களை அவரே எழுதுகிறார். இருவருக்கும் தொற்று இருப்பது 1985 இல் தெரியவருகிறது. பின்னர், 1981 இல் தான் கொடுத்த இரத்தத்தின் மூலம் இன்னொருவருக்கு நோய் போயிருப்பதை அறிகிறார். அப்படியானால் ஜோனுக்கும் தன்னிடமிருந்தே தொற்றியது என்ற முடிவுக்கு வருகிறார். புத்தகத்தின் மிகக் கடினமான இடம் இதுதான்.

குறைகளும் உண்டு. பிற்பகுதி சில இடங்களில் வைத்தியசாலைக் குறிப்பேடாகிவிடுகிறது. ஜோனின் மனதை ரிம் சொல்லித்தான் அறிகிறோம். ஜோனின் குடும்பத்தவர் கோபத்தின் வெளிச்சத்தில் மட்டுமே நிற்கிறார்கள்; பதில் சொல்ல அவர்களுக்கு இடமில்லை.

இன்று இதை வாசிப்பவர் ஒன்றைத் தெரிந்து வாசிக்கவேண்டும். 1996 இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. ஒழுங்காகக் குளிசை எடுப்பவரின் இரத்தத்தில் வைரஸ் பரிசோதனைக்கு அகப்படாத அளவுக்குக் குறைகிறது. அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் எச்.ஐ.வி தொற்றுவதில்லை. சிட்னியின் கேர்பி நிறுவனம் அவுஸ்திரேலியா, பிரேசில், தாய்லாந்து ஆகிய நாடுகளில், ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 343 ஆண் சோடிகளைத் தொடர்ந்து கவனித்தது. வைரஸ் அடங்கியிருந்த துணையிடமிருந்து ஒருவருக்கும் தொற்றவில்லை என்பது 2018 இல் வெளியானது. ஐரோப்பாவில் 782 சோடிகளிடம் செய்த ஆய்வும் 2019 இல் அதையே சொன்னது. குளிசையை நிறுத்தினால் வைரஸ் திரும்பிவரும், அதையும் சொல்லவேண்டும். ஆனால் ரிமை அரித்த குற்றவுணர்வு இன்று சிகிச்சையில் இருக்கும் ஒருவரை அரிக்கத் தேவையில்லை.

ஆகவே இது முடிந்த கதையா? 2006 இல் நாடகமாகவும் 2015 இல் திரைப்படமாகவும் வந்தபோது பார்த்தவர்கள் அழுதார்கள். அழுதுவிட்டுப் பழைய காலம் என்று எழும்பிப் போவது பிழையான வாசிப்பு. சிட்னியின் மத்திய பகுதிகளில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே புதிய தொற்றுகள் 2010 க்கும் 2022 க்கும் இடையில் 88 வீதம் குறைந்தன. வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் அந்தளவு குறையவில்லை. மெடிகெயார் இல்லாதவர்களுக்கும் 2022 முதல் மருந்து இலவசம். மருந்து இருக்கிறது. பரிசோதனைக்குப் போகவிடாமல் தடுப்பது பயம்; அந்தப் பயத்துக்கு எமது வாயும் காரணம்.

நான் வேலைசெய்த உணவகம் ஒன்றில், தமிழ்ப் பையன் ஒருவனைப் பற்றிக் கதை பரவியதும் அவனுக்கென்று ஒரு தனிக் கோப்பை வந்தது. கோப்பையால் இது தொற்றாது என்று பத்திரிகையில் வாசித்தவன் நான். நானும் பேசாமல் இருந்தேன். மூன்றாம் கிழமை அவன் வரவில்லை. அவன் ஒரு வைத்தியரிடம் போனானா என்பது எனக்குத் தெரியாது.

இந்தப் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவர யாராவது முன்வரவேண்டும். எங்களில் ஒருவன் அதை ஒளித்து வைக்காமல் ரயிலில் வாசித்துக்கொண்டு போகவேண்டும்.