சைனாடவுனில் கிறிஸ்மஸ்: காலை பிள்ளைகளுக்கு, மாலை நமக்கு

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கிறிஸ்மஸ் விடுமுறையை எங்கே கழிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒரே பதில்தான்: சைனாடவுனுக்குப் போங்கள். ஆர்ச்சர்ட் ரோட்டின் விளக்கலங்காரம் 1984இலிருந்து சிங்கப்பூரின் பெருமை. ஒரு மாலை கண்குளிரப் பார்த்துவிட்டு வாருங்கள். ஆனால் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா, ஆச்சி என்று எல்லாருக்கும் சந்தோஷம் கிடைக்க வேண்டும் என்றால், அதைத் தரக்கூடிய இடம் தீவின் இந்த மூலைதான். ஒவ்வொரு டிசம்பரும் இதை நான் இன்னும் உறுதியாக நம்புகிறேன்.

நவம்பர் நடுவில் பள்ளி மூடினால் ஜனவரியில்தான் திறக்கிறார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள் ஆறு வயதும் மூன்று வயதும் முழுநாளும் இருந்தால் எப்படியிருக்கும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். அதோடு கேக், முறுக்கு, குடில் ஜோடிப்பு, புதுத்துணி, விருந்தாளிகள். ஒருவர் குளிப்பாட்ட மற்றவர் சோறூட்டுவார். ஒருவர் தூங்கவைக்க மற்றவர் பாத்திரம் கழுவுவார். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இரண்டு ஷிஃப்ட் வேலையாட்களாகிவிடும் மாதம் இது. பிள்ளைகளுக்குப் பண்டிகை தருகிறோம், நமக்கு எதுவும் வைத்துக்கொள்வதில்லை. சைனாடவுன் எனக்குச் செய்த பெரிய உபகாரம் இங்கேதான். பிள்ளைகளோடு ஆசைதீரச் சுற்றவும், அதே நாளில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பேசவும் அது இடம் கொடுத்தது.

தேக்காவில் ஊதா நிற ரயிலில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம். தோபி காட், கிளார்க் கீ, அடுத்தது சைனாடவுன். நகரும் படிக்கட்டில் மேலே வந்தால் நேராகப் பகோடா தெரு. டிசம்பரில் இந்தத் தெருவுக்கு ஓர் அழகான இரட்டை முகம். ஒரு கடையில் கிறிஸ்மஸ் தாத்தா தொப்பி தொங்கும், அடுத்த கடையில் சீனப் புத்தாண்டுக்கான சிவப்புத் தோரணங்களை அடுக்க ஆரம்பித்திருப்பார்கள். பெரிய கூட்டம் இன்னும் வந்திருக்காது. கடைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கும், பிள்ளைகளுக்கு நின்று பார்க்க இடம் இருக்கும். 25ஆம் தேதி பொது விடுமுறையன்றும் இங்கே பல கடைகள் திறந்திருக்கும்.

டிசம்பர் என்றால் மழை. வடகிழக்குப் பருவக்காற்று சிங்கப்பூரை நனைத்தெடுக்கும் காலம். மற்ற இடங்களில் மழை வந்தால் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓட வேண்டும். இங்கே தலைக்குமேல் அஞ்சடி இருக்கிறது. கடைவீடுகளின் முன்னால் மூடிய நடைபாதை ஒன்று தொடர்ந்து வர வேண்டும் என்று ராஃபிள்ஸ் 1822இல் நகரத் திட்டத்துக்கு உத்தரவு போட்டார். அந்த உத்தரவின் நிழலில்தான் இன்றைக்கும் என் பிள்ளைகள் நனையாமல் நடக்கிறார்கள். தரையில் பூப்போட்ட ஓடுகள், இரண்டு கடைக்கு ஒரு படி ஏற்றம், இறக்கம். தள்ளுவண்டியை வீட்டில் விட்டுவிட்டுச் சின்னவனை இடுப்பிலோ தோளிலோ தூக்கிக்கொண்டால் போதும். ஒவ்வொரு படியும் அவனுக்கு ஒரு விளையாட்டு.

சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கு வந்ததும் தமிழர்களுக்கு நெஞ்சு நிமிரும். முதலில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826இல் நிறுவியது. எண்கோண வடிவில் இரண்டு மினாரெட்டுகளோடு தெருவைப் பார்த்து நிற்கிறது. சில அடி தள்ளி மாரியம்மன் கோயில். ராஃபிள்ஸோடு 1819இல் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை முன்னின்று, 1827இல் மரத்தாலும் அத்தாப்புக் கீற்றாலும் எழுப்பிய கோயில். 1843இல் செங்கல் கட்டடம் ஆனது. மதில்மேல் படுத்திருக்கும் பசுக்களை எண்ணி முடிக்காமல் எங்கள் மூத்தவள் அந்த இடத்தைவிட்டு நகரவே மாட்டாள்.

எனக்கு அங்கே பிடித்த சேதி வேறு. ஒரு காலத்தில் சிங்கப்பூரில் இந்துத் திருமணங்களை நடத்திவைக்கும் அதிகாரம் பெற்றிருந்தது இந்தக் கோயில்தான். கப்பலேறி வந்து, சொந்தபந்தம் இல்லாத ஊரில், சீனர்கள் வாழும் தெருவின் நடுவே மாலை மாற்றிக்கொண்ட எத்தனை தமிழ் ஜோடிகள்! நாங்கள் தூத்துக்குடி கத்தோலிக்கர்கள், எங்கள் கல்யாணம் நடந்த இடம் வேறு. ஆனாலும் அந்தக் கோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம், கையில் சாமான் மூட்டையோடு புதுக் குடித்தனம் தொடங்கிய அந்த மனிதர்களை நினைத்துக்கொள்கிறேன். தாத்தா, ஆச்சி துணையில்லாமல் அவர்கள் பிள்ளை வளர்த்தார்கள் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

கோயிலிலிருந்து கொஞ்சம் நடந்தால் அதே சாலையில் தோங் ஹெங். அவர்களுடைய முட்டை டார்ட் டைமண்ட் வடிவத்தில் இருக்கும். விரலால் தொட்டால் உதிரும் மெல்லிய ஓடு, உள்ளே சூடாக, லேசாக ஆடும் மஞ்சள் கஸ்டர்ட். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துச் செய்யும் மக்ரூனை டப்பா டப்பாவாகத் தூத்துக்குடியிலிருந்து சுமந்து வந்த என் மாமியார், இந்த டார்ட்டை ஒரு கடி கடித்துவிட்டு, "வெள்ளைக்கருவெல்லாம் நம்ம ஊருக்கு, மஞ்சக்கருவெல்லாம் இவங்களுக்குன்னு பிரிச்சுக்கிட்டாங்க போல" என்றார். அத்தை இதைவிடப் பெரிய பாராட்டு எந்தப் பலகாரத்துக்கும் கொடுத்து நான் கேட்டதில்லை.

பிள்ளைகளுக்கு அடுத்த சொர்க்கம் புத்தர் பல் ஆலயம். 2007இல் திறந்தது. மொட்டைமாடியில் ஆர்க்கிட் பூக்கள் நிறைந்த தோட்டமும் நடுவே பெரிய பிரார்த்தனைச் சக்கரமும் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு சுற்றிச்சுற்றி வரலாம், ஒவ்வொரு முழுச்சுற்றுக்கும் மணி அடிக்கும். மூன்று வயதுப் பையனுக்கு வேறென்ன வேண்டும்! கீழ்த்தளத்தில் சைவச் சாப்பாடு கிடைக்கிறது. திருவருகைக் காலத்தில் இறைச்சி ஒறுக்கும் என் மாமனாருக்கு மிகத் தோதான இடம். வெளியே வந்தால் கிரேத்தா ஆயர் சதுக்கத்தில் சீனத் தாத்தாக்கள் சதுரங்கம் ஆடிக்கொண்டிருப்பார்கள். மொழி தெரியாத என் மாமனார் அங்கே நின்றால் மணிக்கணக்கில் அசையமாட்டார்.

பக்கத்திலேயே 1983இல் திறந்த சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். மேலே இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட உணவங்காடி நிலையம், அடியில் ஈரச்சந்தை. பிள்ளைகளை விடுமுறைக் காலையில் இந்தச் சந்தைக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள், உயிரியல் பூங்கா தோற்றுவிடும். தொட்டியில் துள்ளும் மீன், வளைந்து நெளியும் விலாங்கு, கூண்டில் தவளை. மூத்தவள் கேட்கும் கேள்விகளுக்கு மீன்கார ஆன்ட்டி சலிக்காமல் பதில் சொல்வார், பாதி மாண்டரின், பாதி கைச்சாடை.

டிசம்பர் 21, 22 வாக்கில் இந்தச் சந்தைக்கு இன்னும் களை கூடும். சீனர்களின் டோங்சி நாள் அப்போது வருகிறது. குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளில் குடும்பம் முழுதும் ஒன்றுகூடி தாங் யுவான் சாப்பிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஒட்டரிசி மாவில் வெள்ளையும் ரோஜா நிறமுமாக உருட்டி இனிப்புச் சாற்றில் மிதக்கவிட்டது, நம்ம பால் கொழுக்கட்டைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை போல இருக்கும். குடும்பம் கூடும் சீன நாளும் குடும்பம் கூடும் கிறிஸ்மஸும் ஒரே வாரத்தில் வருவது எவ்வளவு பெரிய கொடுப்பினை! மாவை வாங்கி வந்து வீட்டில் உருட்டினோம். அத்தை உருட்டியது கோலி அளவு, சின்னவன் உருட்டியது எலுமிச்சை அளவு. குடிலில் குழந்தை இயேசுவுக்கு முன்னால் மக்ரூனும் முந்திரிக்கொத்தும் தாங் யுவானும் ஒரே தட்டில் இருந்தன.

கால் வலிக்காத பிள்ளைகள் இருந்தால் தெலுக் ஆயர் தெருவையும் விட்டுவிடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்ப்பதற்குமுன் அதுதான் கரை. வந்து இறங்கியவர்கள் முதலில் நன்றி சொன்ன இடங்கள் வரிசையாக நிற்கின்றன. 1828க்கும் 1830க்கும் இடையில் தமிழ் முஸ்லிம்கள் கட்டிய நாகூர் தர்கா, ஹொக்கியன் சீனர்களின் தியான் ஹொக் கெங் கோயில், 1889இல் தொடங்கிய சீன மெதடிஸ்ட் சபையின் தேவாலயம். அந்தத் தேவாலயத்தின் உச்சியில் சீன மண்டபம்போலக் கூரை. தியான் ஹொக் கெங்கின் பின்சுவரில், அமோய் தெருப் பக்கம், யிப் யூ சொங் வரைந்த 44 மீட்டர் நீளச் சுவரோவியம் இருக்கிறது. அவர் சைனாடவுனில் வளர்ந்தவர், முன்பு கணக்காளராக இருந்தவர். ஆதியில் வந்த ஹொக்கியன் மக்களின் பாடுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கதையாகத் தீட்டியிருக்கிறார். மூத்தவள் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு பெயர் வைத்து, தம்பிக்கு அந்தக் கதையைத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள். எங்களுக்கு வாய் திறக்கும் வேலையே இல்லை. அவள் முன்னே போக, நாங்கள் இருவரும் கைகோத்துப் பின்னே நடந்தோம்.

மாலை ஆனதும் அத்தை சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கம்மா, பிள்ளைகள நாங்க பாத்துக்கிடுதோம்." மாமனார் அதற்குள் பிள்ளைகளுக்குக் கோழிச்சோறு வாங்க மேக்ஸ்வெல் உணவங்காடியில் வரிசையில் நின்றுவிட்டார். சாப்பிட்டு முடித்தால் எதிரிலேயே மேக்ஸ்வெல் ரயில் நிலையம். 2022இல் திறந்தபிறகு தாத்தா, ஆச்சிகளுக்கு எவ்வளவு வசதி!

நாங்கள் போனது நீல் ரோட்டிலிருக்கும் டீ சாப்டர். 1989இல் தொடங்கிய தேநீர்க்கடை, அதே ஆண்டு எலிசபெத் ராணியாரும் வந்து தேநீர் அருந்திய இடம். பழைய கடைவீட்டின் மாடி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தாழ்ந்த மேசைக்கு முன் தரையில் உட்காரலாம். ஊலோங் இலை, கொதிக்கும் கெண்டி, உள்ளங்கைக்குள் அடங்கும் மண்குடுவை, குருவி குடிக்கும் அளவுக்குக் கிண்ணங்கள். எப்படிப் போடுவது என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டு நம்மைத் தனியாக விட்டுவிடுவார்கள். முதல் நீர் இலையை விழிக்கச் செய்ய, கிண்ணத்தைச் சூடாக்க. அதைக் கொட்டிவிட வேண்டும். அடுத்த நீரை உயரமான கிண்ணத்தில் ஊற்றி, குட்டைக் கிண்ணத்துக்கு மாற்றி, காலியான உயரக் கிண்ணத்தை மூக்கருகே வைத்து மணத்தை இழுக்க வேண்டும். பிறகுதான் குடிப்பது. அதே இலையில் மறுபடி, மறுபடி நீர் ஊற்றலாம். ஒவ்வொரு முறையும் சுவை ஒரு படி மாறும்.

புருஷன் பெண்டாட்டிக்கென்றே யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு இது என்பேன். காப்பி என்றால் இரண்டு மடக்கில் முடிந்துவிடும், கை தன்னால் கைத்தொலைபேசிக்குப் போகும். இங்கே இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது, வாய்க்கு மட்டும் ஓய்வு. ஊற்றுகிற நேரத்தில் ஒருவர் பேச மற்றவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். முதல் இரண்டு சுற்றும் பிள்ளைகள் பேச்சு: எந்தப் பாலர் பள்ளி, சளி எப்போது போகும். மூன்றாவது சுற்றில் அவர், "நீ பாட்டுப் பாடி எவ்ளோ நாளாச்சு?" என்று கேட்டார். கல்யாணத்துக்குமுன் நான் கோயில் பாடகர் குழுவில் இருந்தவள். அந்தக் கேள்வியில் எனக்குக் கிடைத்த கிறிஸ்மஸ் பரிசைவிடப் பெரிய பரிசை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கெண்டி ஆறும்வரை பேசினோம்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பினாக்கிள் அட் டக்ஸ்டன். 2009இல் முடிந்த வீவக அடுக்ககம். ஐம்பது மாடிகள், ஏழு கட்டடங்கள், அவற்றை இணைக்கும் 500 மீட்டர் வான்தோட்டம். சில வெள்ளி கட்டணம் கட்டினால் ஐம்பதாவது மாடிக்குப் போகலாம். ஒரு பக்கம் துறைமுகமும் கப்பல்களும், மறுபக்கம் சைனாடவுனின் ஓட்டுக்கூரைகளும் கோபுரங்களும். சிங்கப்பூரில் இவ்வளவு மலிவாக, இவ்வளவு உயரத்தில், இவ்வளவு அமைதியாக ஒரு ஜோடி நடக்க வேறு இடம் எனக்குத் தெரியாது. இரவில் மூடிவிடுகிறார்கள் என்பதால் அந்தி சாயும்போதே போய்விடுங்கள்.

24ஆம் தேதி இரவு ஓஃபியர் ரோட்டிலுள்ள லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. 1888இல் அந்தக் கோயில் எழும்புவதற்குமுன் தமிழ்க் கத்தோலிக்கர்களும் சீனக் கத்தோலிக்கர்களும் குவீன் ஸ்திரீட் தூய பேதுரு பவுல் கோயிலில் ஒரே கூரையின்கீழ் மண்டியிட்டவர்கள். அது தெரிந்தபிறகு, சைனாடவுனில் எனக்கு ஏன் அந்நியம் தோன்றுவதே இல்லை என்று புரிந்தது. எங்கள் பண்டிகைக்கு அவர்களோடு பழைய உறவு இருக்கிறது.

ஆகவே இந்த டிசம்பரில் ஒரு நாளைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். காலை எட்டரைக்குச் சந்தை, மழை வந்தால் அஞ்சடி, பசித்தால் முட்டை டார்ட், மதியம் புத்தர் ஆலயத்தின் மாடி. மாலைக்கு மாமியாரோ, அம்மாவோ, நம்பிக்கையான தோழியோ, யாராவது ஒருவரிடம் முன்கூட்டியே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கேட்டுவையுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். அப்பாவும் அம்மாவும் சிரித்தபடி வீடு திரும்புவதைப் பார்ப்பதும் பிள்ளைகளுக்குப் பண்டிகைதான். அவர்களுக்குப் பொம்மை வாங்கிக் கொடுக்க ஆயிரம் கடைகள் உண்டு. ஒருவரையொருவர் விரும்பும் பெற்றோரை நம்மால்தான் கொடுக்க முடியும், சைனாடவுன் அதற்கு ஆசையோடு உதவும். போய் வாருங்கள், தேநீரை நான்காவது சுற்றுவரை குடியுங்கள்!