படத்தின் பின்புறம்: டெல்டிக் எஞ்சின்களின் இறுதிநாட் படங்களைப் பற்றி

இலக்கியப் பகுதியில் இரயில் எஞ்சின் படங்களைப் பற்றி எழுதுவது முறையோ என்று நேயர்களுட் சிலர் வினவக்கூடும். செய்யுளும் நாடகமுமே ஆராய்ச்சிக்குரியன என்று கருதியிருந்த காலம் மலையேறிவிட்டது. மனிதன் எதனைக் காணத்தக்கதென்று கருதினான், எதனைக் காணாது விட்டான் என்பதை ஒரு பாட்டு எவ்வளவு காட்டுமோ அவ்வளவு ஒரு நிழற்படமும் காட்டும். ஆதலின் நிழற்படமும் படித்து எடைபோடத்தக்கதே.

என் பள்ளித் தோழர் ஒருவர் அண்மையில் இங்கிலாந்திலிருந்து திரும்பியபோது, அங்கே ஒரு பழம்பொருட் சந்தையில் வாங்கிய அட்டைப்பெட்டியொன்றை என்னிடம் தந்தார். அதில் ஏறக்குறைய 200 படங்கள் இருந்தன. பலர் எடுத்தவை, ஆயினும் எல்லாம் 1978 முதல் 1982 வரை எடுக்கப்பட்டவை, எல்லாம் ஒரே வகை எஞ்சினைப் பற்றியவை. தோட்டத்துச் சம்பளக் கணக்கை முடித்து வைத்த பின், மூன்று இரவுகள் அவற்றைப் பரப்பி வைத்துப் பார்த்தேன். அப்போது எழுந்த எண்ணங்களையே ஈண்டு எழுதுகிறேன்.

முதற்கண் எஞ்சினைப் பற்றிச் சில சொற்கள். இலண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திற்கும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்கும் இடையே ஓடும் கிழக்குக் கரைப் பாதைக்காக, இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியார் 1961, 1962ஆம் ஆண்டுகளில் 22 டீசல் எஞ்சின்களைச் செய்தளித்தனர். ஒவ்வொன்றிலும் நேப்பியர் கம்பெனியின் இயந்திரங்கள் இரண்டு; இரண்டுஞ் சேர்ந்து 3,300 குதிரைச் சக்தி. வேகம் மணிக்கு 100 மைல். ஓர் உருளைக்குள் இரண்டு உந்துகள் எதிரெதிரே இயங்கும் முறையில், மூன்று வரிசை உருளைகள் தலைகீழான முக்கோணமாக அமைந்திருந்தன. கிரேக்க மொழியின் ‘டெல்டா’ என்னும் எழுத்து முக்கோண வடிவினது. அதனின்றே டெல்டிக் என்ற பெயர் பிறந்தது. கடற்படையின் விரைவுப் படகுகளுக்கென ஆக்கப்பட்ட இயந்திரம் தண்டவாளத்தின்மேல் ஏறி, 55 நீராவி எஞ்சின்களின் வேலையை 22 எஞ்சின்களாற் செய்து காட்டியது.

1978இல் அதே பாதையில் மணிக்கு 125 மைல் ஓடும் புதிய அதிவேக வண்டிகள் வந்தன. டெல்டிக்குகள் முதன்மை வண்டிகளினின்று இறக்கப்பட்டு, இரண்டாந்தர வேலைகளுக்குத் தள்ளப்பட்டன. 1980 ஜனவரியில் முதல் இரண்டு எஞ்சின்கள் கணக்கினின்று நீக்கப்பட்டன. 1982 ஜனவரி 2ஆம் நாள் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோவுக்குச் சென்று மீண்ட பிரியாவிடை வண்டியே கடைசிப் பயணம். போகும்போது ‘துல்யார்’ என்னும் எஞ்சினும், வரும்போது ‘ராயல் ஸ்காட்ஸ் கிரே’ என்னும் எஞ்சினும் இழுத்தன. மொத்தத்தில் 16 எஞ்சின்கள் டான்காஸ்டர் பட்டறையில் உடைக்கப்பட்டன. ஆறு மட்டுமே காப்பாற்றப்பட்டன. இவ்விடைக்காலத்தில்தான் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் பாலங்களிலும் மேடையின் முனைகளிலும் வந்து நின்றனர். இருபது ஆண்டுகள் நாள்தோறும் ஓடியபோது ஏறிட்டுப் பாராதவரும், போகப்போகிறது என்றவுடன் ஓடி வந்தனர். உயிரோடிருக்கையில் ஒரு வாய் கஞ்சி ஊற்றாதவர், பிணத்தைச் சுற்றி ஒப்பாரி வைப்பது நம்மவர்க்கே உரிய வழக்கம் என்று எண்ணியிருந்தேன். அஃது உலகப் பொதுவழக்கு என்று இப்பெட்டி எனக்குக் கற்பித்தது.

இனி, படங்களுக்கு வருவோம். அவற்றுள் நாலில் மூன்று பங்கு ஒரே அச்சில் வார்த்தவை. எஞ்சின் முன்பக்கமும் ஒரு விலாவும் தெரியுமாறு சாய்வாக நிற்கும். வெயில் முழுதும் அதன்மேல் விழும். பின்னால் பெட்டிகள் வரிசையாக வளைந்து வரும். மனிதர் ஒருவரும் இரார். இதனைக் கற்பனை வறுமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் காரணத்தை ஆராய்தல் வேண்டும். அக்காலத்தில் வண்ணப்படத்திற்குப் பலர் கையாண்ட கோடக்குரோம் சுருளுக்கு ஒளி மிகுதியாக வேண்டும். மணிக்கு 100 மைல் ஓடும் வண்டி, ஒரு விநாடியில் 500இல் ஒரு பங்கு நேரத்திற்குள் மூன்றரை அங்குலம் நகர்ந்துவிடும். பக்கவாட்டில் நின்று பிடித்தால் உருவம் கலங்கும். எதிரே சற்றுச் சாய்ந்து நின்றால் கலக்கம் குறையும். எனவே சூரியன் முதுகுப்புறமும் வண்டி எதிர்ப்புறமும் அமைந்த அந்த நிலை, பழக்கத்தினால் மட்டுமன்றித் தேவையினாலும் பிறந்தது. குறளின் ஏழு சீரைப் போல அஃது ஒரு யாப்பு. யாப்பு குற்றமன்று, யாப்புக்குள் ஒன்றும் சொல்லாமல் போவதே குற்றம்.

அவ்வகைப் படங்களுட் பல ஒன்றும் சொல்லாமலே போகின்றன என்பதையும் மறைத்தற்கில்லை. எஞ்சின் துடைத்து விளக்கிய விக்கிரகம்போல் நிற்கிறது. கோயிலில் சிலையைக் கண்டவன் சிற்பியை நினைப்பதில்லை; இப்படங்களைப் பார்ப்பவனும் தொழிலாளியை நினைப்பதற்கில்லை. எஞ்சினின் முகமெங்கும் பூசிய மஞ்சள் வண்ணத்தைக் கண்டு படமெடுப்போர் மகிழ்ந்தனர். அந்த மஞ்சள் அழகுக்காகப் பூசப்பட்டதன்று. தண்டவாளத்தில் வேலை செய்யும் தொழிலாளி, விரைந்து வரும் டீசலைத் தொலைவிலேயே கண்டு விலகி உயிர் பிழைக்கவேண்டும் என்பதற்காகப் பூசப்பட்டது. இலண்டன் பின்ஸ்பரி பார்க் கொட்டகைக்குரிய எஞ்சின்களின் சாளர ஓரங்களில் 1979இல் வெள்ளை தீட்டினர். தம் எஞ்சின்கள் தனித்துத் தெரியவேண்டும் என்ற அக்கொட்டகையாரின் பெருமிதமே அது. அந்த வெள்ளையைப் பெட்டியிலுள்ள எத்தனையோ படங்களிற் கண்டேன். தீட்டிய கையை ஒன்றிலேனும் கண்டேனில்லை. எஞ்சின்களின் பெயர்களையும் பாருங்கள். 22இல் எட்டுக்குப் பந்தயக் குதிரைகளின் பெயர். ஏனையவற்றிற்குப் பட்டாளங்களின் பெயர். குதிரைக்கும் பட்டாளத்துக்கும் உலோகத் தகட்டில் இடமிருந்தது. செய்தவனுக்கும் ஓட்டியவனுக்கும் இல்லை.

இக்குறை நீங்கிய படமரபு அந்நாட்டில் இல்லாமலில்லை. எரிக் டிரேசி என்பார் கிறித்துவ மதகுரு. வேக்பீல்டு நகர ஆயராக இருந்தவர். நீராவிக் காலத்திலேயே லிவர்பூலில் எஞ்சின் ஓட்டுநரோடும் கரி தள்ளுவோரோடும் நட்புக்கொண்டு படமெடுத்தவர். 1978 மே 13ஆம் நாள் ஆப்பிள்பி என்னும் இரயில் நிலையத்திலேயே உயிர் நீத்தார். மதகுருமாரைப் புகழ்வது நம் பத்திரிகை நேயர் பலருக்கு உவப்பாயிராது; ஆயினும் உழைப்பவனோடு பழகிய கண்ணை எங்குக் கண்டாலும் போற்றத்தானே வேண்டும்? கொலின் கிஃபோர்டு என்பார் 1965இல் வெளியிட்ட தம் நூலில், எஞ்சினைச் சிறிதாக்கி, அதனைச் சூழ்ந்த ஊரையும் புகையையும் மனிதரையும் பெரிதாக்கிக் காட்டினார். பிரிட்டிஷ் இரயில்வேயில் நீராவி 1968இல் முடிந்தது. அதன் பின்னும் அவர் காட்டிய வழியில் டெல்டிக்கை நோக்கிச் சென்றவர் சிலர் இருந்தனர் என்பதை இப்பெட்டியிற் கண்டேன்.

அவர்களுடைய படங்களே முதலிரவில் என்னை ஈர்த்தன. கிங்ஸ் கிராஸில் மாலை மங்கும் நேரம்; எஞ்சின் புறப்படுகையில் கக்கிய நீலப்புகை மேடையை மூடுகிறது; புகைக்குள் ஒரு கைவிளக்கின் ஒளி மட்டும். மற்றொன்றில் மழை நனைத்த பாலம். அதன்மேல் ஒரு சிறுவன். வண்டி படத்தின் ஓரத்தில் ஒரு கோடாக மறைகிறது. “இவையன்றோ கலை! ஏனையவை கணக்குப் பிள்ளையின் வேலை!” என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன், நானே ஒரு கிராணி என்பதையும் மறந்தேன்.

இரண்டாம் இரவு படங்களைத் திருப்பிப் பார்த்தேன். அழகிய படங்களின் பின்புறம் வெறுமையாக இருந்தது. நான் இகழ்ந்த அச்சுவார்ப்புப் படங்களின் பின்புறத்திலோ, மையால் பொடியெழுத்தில், எஞ்சினின் எண், நாள், இடம், வண்டி புறப்பட்ட நேரம், போகும் ஊர் எல்லாம் பொறித்திருந்தன. அவற்றுள் ஒரு படத்தை எடுத்துக்காட்டாகக் கூறுவேன். வெயில், புல்மேடு, வளைந்த புதுப்பாதை, சாய்வாக வரும் டெல்டிக். முன்புறத்திற் பார்த்தால் நூற்றோடு நூற்றொன்று. பின்புறத்தில் இருந்த சொற்கள் இரண்டே: பென்மன்ஷீல், 1980.

பென்மன்ஷீல் என்பது ஸ்காட்லாந்தின் எல்லையை அடுத்த மலைக்குடைவு. பெரிய சரக்குப் பெட்டிகள் செல்லும்படி அதனை ஆழப்படுத்தும் வேலை நடந்தபோது, 1979 மார்ச் 17ஆம் நாள் அஃது இடிந்து விழுந்தது. உள்ளே இருந்த 15 பேரில் 13 பேர் தப்பினர். இரண்டு தொழிலாளர் புதையுண்டனர். அவர்களுடைய உடல்களை மீட்க இயலாமையால் குடைவையே மூடி அவர்களுக்குக் கல்லறையாக்கினர். மலையை வெட்டிப் பக்கத்தில் போட்ட புதுப்பாதையில் அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் வண்டிகள் ஓடத் தொடங்கின. அப்படத்தில் வெயிலில் மின்னும் வளைவு, அவ்விருவர் மாண்டதனால் வந்த வளைவு! இடத்தின் பெயரும் ஆண்டும் இல்லையேல், அதனை அழகிய மலைச்சாரல் என்று பார்த்துப் போயிருப்பேன். அந்த இரண்டு சொற்கள் படத்தின் பொருளையே மாற்றிவிட்டன. கணக்குப் பிள்ளையின் வேலை என்று நான் இகழ்ந்தது, கலைஞன் செய்யாத கடமையைச் செய்திருந்தது.

அப்படியாயின் அழகு வேண்டாவோ என்று கேட்பாருளர். வேண்டும். புகைக்குள் தெரிந்த கைவிளக்கை நான் மறவேன். ஆயினும் அழகு, பார்ப்பவன் உள்ளத்தை அசைப்பதோடு நின்றுவிடுகிறது. அசைந்த உள்ளம் எதனைப் பற்றிக்கொள்வது? அந்தக் கைவிளக்கைப் பிடித்தவன் யார், எந்த நாள், எந்த வண்டி என்பது ஒன்றும் இல்லாதபோது, அவ்வுணர்ச்சி மார்கழி மாதப் பனிபோல் விடிந்ததும் மறைகிறது. அன்றியும், டெல்டிக்கின் பெருமை அதன் ஓசையில் இருந்தது. இரண்டு இயந்திரங்களும் சேர்ந்து எழுப்பிய அந்த முழக்கத்தையே அன்பர்கள் இன்றும் நினைந்து பேசுகின்றனர். அதனைப் படம் பிடிக்க எக்காமிராவாலும் இயலாது. தன் எல்லையை அறிந்த கலை, தனக்கு இயல்வதை நிறைவாகச் செய்தல் வேண்டும். காமிராவுக்கு இயல்வது சாட்சி சொல்லுதல். சாட்சிக்குப் பெயரும் நாளும் இன்றியமையாதன.

பின்புறம் எழுதினோரையும் குறை கூறாது விடுவதற்கில்லை. எஞ்சினின் எண்ணை ஒருவரும் மறக்கவில்லை. ஓட்டுநரின் பெயரோ, 200 படங்களுள் ஒன்றே ஒன்றன் பின்புறத்தில் மட்டும் இருந்தது. எண்ணை எழுத இடமிருந்த அட்டையில் பெயரை எழுத இடமில்லாமற் போனதா? இடம் இருந்தது, எழுத வேண்டும் என்ற எண்ணந்தான் இல்லை.

மூன்றாம் இரவு, பெட்டியை மூடிவிட்டு, எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்தேன். டெல்டிக்கைச் செய்த அதே இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியாரே மலாயா இரயில்வேக்கும் 1957இல் டீசல் எஞ்சின்களைச் செய்து அனுப்பினர். அவற்றுள் ஒன்றின் முன்னே எடுத்த படம் எங்களிடம் உண்டு. என் பாட்டனார் தண்டவாளக் கூட்டத்தில் வேலை செய்தவர். சட்டையில்லாமலும் தலைப்பாகையோடும் ஏழு பேர் நிற்கின்றனர். இடமிருந்து மூன்றாமவர் என் பாட்டனார் என்று என் தந்தையார் சொல்வார். மற்ற அறுவர் யாரென்று அவர் அறியார். அறிந்திருந்த பாட்டியும் இன்றில்லை. திருப்பிப் பார்த்தேன், வெறும் அட்டை. முன்புறத்தில் எஞ்சினின் எண் மட்டும் நேற்று எழுதியது போலத் தெளிவாகத் தெரிகிறது.

ஆங்கிலேயர் தம் எஞ்சினுக்குச் செய்த கணக்கைக்கூட நாம் நம் மனிதருக்குச் செய்யவில்லையே என்று அன்றிரவு வெட்கினேன். அவர்கள் கடைசி நாளிலேனும் ஓடி வந்து எழுதிவைத்தனர். ஆதலின் நேயர்களே, இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறவுங்கள். படத்தில் நிற்பவர் இவர், இன்ன தோட்டத்தில் இன்ன வேலை செய்தார், இன்ன ஆண்டு என்று சொல்லக்கூடிய முதியவர் ஒருவர் இன்னும் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருப்பார். அவர் அருகில் அமர்ந்து கேளுங்கள். ஒரு பென்சிலை எடுத்துப் படத்தின் பின்புறத்தில் எழுதுங்கள். நாளைக்கென்று தள்ளிவைக்க வேண்டா.